நான்கெல்லைக்குள் ஒரு தெரு

(மதுரையில் முப்பத்தெட்டு வருஷம் பத்திர எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவரின் கேள்வி-பதில் பகுதி. இந்த முறை வந்த கடிதங்களில் பெரும்பாலானவை இடிந்துபோன வீடுகளையும் காணாமல் போன சந்துகளையும் பற்றியவை.)

கேள்வி (கோவையிலிருந்து ஒரு வாசகி): ஐயா, நான் தெற்கு மாசி வீதியை ஒட்டிய ஒரு சந்தில் பிறந்து, கல்யாணம் ஆகும்வரை அங்கேயே வளர்ந்தவள். 1983-ல் அப்பா அந்த வீட்டை விற்றார். போன மாதம் என் மகனுக்கு இடத்தையாவது காட்டலாம் என்று கூட்டிப் போனேன். வீடு இருக்காது என்று தெரியும். ஆனால் சந்தே இல்லை. இரண்டு கடைகளுக்கு நடுவில் சுவர்தான் இருக்கிறது. "வேற ஏதோ தெருவை நெனச்சுக்கிட்டு இருக்கீங்கம்மா" என்கிறான் மகன். எனக்கே சந்தேகமாகிவிட்டது. அந்தச் சந்து இருந்தது என்று எப்படிக் காட்டுவது?

பதில்: உங்களுக்கு மறதி ஒன்றும் இல்லை அம்மா. மாசி வீதிகளைச் சுற்றி இப்படிப் போன சந்துகள் பல. அவை எப்படிப் போயின என்பதை முதலில் சொல்கிறேன். கார்ப்பரேஷன் சந்து என்றால் அதை யாரும் எடுத்துக்கொள்ள முடியாது. ஆனால் ஊருக்குள் இருந்த சின்னச் சந்துகளில் பல, ஐந்தாறு வீட்டுக்காரர்களுக்குச் சேர்ந்த பொது நடைபாதை. பத்திரத்தில் "நடைபாதை பாத்தியம் உள்பட" என்று எழுதியிருக்கும், அதாவது அந்த வழியே நடக்கும் உரிமையும் சேர்த்து. அந்த ஐந்தாறு வீடுகளையும் ஒன்றன்பின் ஒன்றாக ஒரே ஆள் வாங்கிவிட்டால், பாதை யாருக்கு? நடக்க வேண்டியவரும் இடம் கொடுக்க வேண்டியவரும் ஒருவரே என்றானபின் அந்தப் பாத்தியம் தானாக அற்றுப்போகும். 1882-ம் வருஷத்து வசதியுரிமைச் சட்டத்திலேயே அது இருக்கிறது. அப்புறம் சுவர் எழுப்பிக் கூரை போட்டால் சந்து கடையின் ஒரு பகுதியாகிவிடும். உங்கள் சந்துக்கும் அநேகமாக இதுதான் நடந்திருக்கும்.

இனி, காட்டுவதற்கு வழி. அப்பா விற்ற கிரையப் பத்திரத்தின் நகலை எடுங்கள். 1975-லிருந்து பதிவான பத்திரங்களுக்கு இணையத்திலேயே வில்லங்கம், அதாவது அந்தச் சொத்தின் மேல் பதிவானவற்றின் பட்டியல், போட்டுப் பார்க்கலாம். உங்களுடையது 1983 என்பதால் வேலை சுலபம். அதில் பத்திர எண் கிடைக்கும். எண்ணும் வருஷமும் தெரிந்துவிட்டால் சார்பதிவாளர் ஆபீஸில் நகல் மனு போடலாம். கிடைத்த நகலில் பேர், தொகை எல்லாவற்றையும் தாண்டிக் கடைசிப் பக்கத்துக்குப் போங்கள். "சொத்து விவரம்" என்று இருக்கும். அதில் நான்கெல்லை, அதாவது வீட்டின் நாலு பக்கமும் என்ன இருக்கிறது என்ற குறிப்பு.

அதைப் படிக்கும் முறையில் பலரும் தவறிவிடுகிறார்கள். "தென்வடல் சந்துக்கு மேற்கு" என்று இருந்தால் மேற்கே சந்து இருக்கிறது என்று அர்த்தமில்லை. தெற்கு வடக்காக ஓடும் சந்து ஒன்று இருக்கிறது, அதற்கு மேற்குப் பக்கத்தில் உங்கள் வீடு. அதாவது வீட்டுக்குக் கிழக்கே சந்து. வாசலில் நின்றால் காலையில் முகத்தில் வெயில் அடித்திருக்கும். அப்படித்தானே? அப்புறம் "இதன் மத்தியில் கிழமேலடி இத்தனை, தென்வடலடி இத்தனை" என்று, கிழக்கு மேற்காகவும் தெற்கு வடக்காகவும் எத்தனை அடி என்ற அளவு வரும். அந்த நாலு வரியையும் மகனிடம் கொடுத்து ஒரு தாளில் வரையச் சொல்லுங்கள். சந்து தானாக வந்து நிற்கும்.

அதற்கும் முந்திய தாய்ப்பத்திரம் கிடைத்தால் விடாதீர்கள். எனக்குத் தொழில் கற்றுக்கொடுத்தவர் முதல் நாளே சொன்னது: எல்லையை ஆபீஸில் உட்கார்ந்து எழுதாதே, இடத்தில் போய் நின்று எழுது. அந்தக் காலத்தவர்கள் அப்படித்தான் எழுதினார்கள். சர்வே நம்பரைவிடப் பக்கத்து வீடுதான் அவர்களுக்குப் பெரிய சாட்சி. "பால்காரர் வீட்டுச் சுவருக்குத் தெற்கு", "பொதுக் கிணற்றுக்குக் கிழக்கு", "வேம்பு நிற்கும் மனைக்கு வடக்கு" என்று இருக்கும். வீட்டையும் சும்மா வீடு என்று விடமாட்டார்கள். நடை, முற்றம், பட்டாசாலை, அடுப்படி, கட்டைக்குத்து மச்சு, சாய்ப்புக்கு நாட்டு ஓடு, கிணற்றில் பாதி பாகம், மழைத் தண்ணீர் விழும் பாத்தியம் என்று உள்ளே நடத்திக்கொண்டே போவார்கள். ஒரு வீட்டை அதைவிட நன்றாக யாரும் எழுதி நான் படித்ததில்லை.

ஒரு பழைய பத்திரத்தில் "இடிந்த பாழ்மனைக்கு மேற்கு" என்று இருந்தது. நான் வேலைக்குச் சேர்ந்த புதிது. அந்த வரியில் விரலை வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தேன். அந்தப் பத்திரம் எழுதிய நாளிலேயே அங்கே யாரோ ஒருவருடைய வீடு போயிருந்திருக்கிறது. அந்த மனையில் அப்புறம் எழுந்த வீட்டில் வளர்ந்தவர்தான் அன்று என் எதிரில் அமர்ந்திருந்தார்; வீட்டை விற்பதற்காக அந்தப் பத்திரத்தைக் கொண்டு வந்திருந்தார்.

கேள்வி (மதுரை, அண்ணா நகர் வாசகர்): கீழவாசல், தெற்குவாசல் என்கிறோம். அங்கே வாசல் எதையும் காணோமே?

பதில்: வாசல் இருந்தது, கோட்டையோடு போய்விட்டது. நாயக்கர் காலத்துக் கோட்டை இந்த ஊரைச் சுற்றி நின்றது. சுற்றிலும் அகழி. எழுபத்திரண்டு கொத்தளங்கள், கொத்தளத்துக்கு ஒரு பாளையக்காரர் பொறுப்பு என்று வழிவழியாகச் சொல்வார்கள். 1840-ஐ ஒட்டிய ஆண்டுகளில் கலெக்டராக இருந்த பிளாக்பர்ன் அந்தச் சுவரை இடிக்க ஏற்பாடு செய்தார். ஊருக்குள் நெரிசல், அகழியில் தேங்கிய தண்ணீரால் காய்ச்சல். சுவரை இடித்து அகழியைத் தூர்ப்பவர்களுக்கு அங்கேயே இடம் என்று அறிவித்தார். அப்படிப் பிறந்தவைதான் வெளி வீதிகள். கோட்டைக்கு வெளியே என்பதுதான் அந்த 'வெளி'. அந்த வேலையில் இருந்தவர்களின் பெயரை மாரட் வீதியும் பெருமாள் மேஸ்திரி வீதியும் இன்றும் சுமக்கின்றன. தெற்கு மாசி வீதியும் கீழ மாசி வீதியும் சந்திக்கும் இடத்தில் நிற்கும் விளக்குத்தூண் அந்த பிளாக்பர்னின் நினைவாக வைத்ததுதான். துணி எடுக்கப் போகிறவர்கள் தினமும் அதைச் சுற்றித்தான் போகிறார்கள்.

முழுக்கப் போய்விடவும் இல்லை. பெரியார் பஸ் ஸ்டாண்டு பக்கம் மேற்குக் கோட்டை வாசலின் ஒரு துண்டு நிற்கிறது. அம்மன் கோயிலுக்குக் கிழக்கே விட்டவாசல் இருக்கிறது, அது இன்னும் பழையது. மகாலுக்குப் போகிறவர்கள் அப்படியே பக்கத்துச் சந்துக்குள் நுழைந்து பத்துத்தூணையும் பார்த்துவிட்டு வாருங்கள். திருமலை நாயக்கர் கட்டிய அரண்மனையில் இன்று நாம் பார்ப்பது கால் பங்குதான் என்பார்கள். அவருடைய பேரன் சொக்கநாதர் தலைநகரைத் திருச்சிக்கு மாற்றியபோது இதைப் பிரித்துக்கொண்டு போனார். மிச்சமான பத்துத் தூண்களும் மேலே தாங்க எதுவும் இல்லாமல் ஜவுளிக் கடைகளுக்கு நடுவில் நிற்கின்றன. நவபத்கானா தெரு என்று ஒரு தெரு பக்கத்தில் இருக்கிறது. நகரா முரசு முழங்கிய மண்டபம் இருந்த இடம் அது. மண்டபம் போய்த் தெருப் பெயராகிவிட்டது.

ஏழுகடலும் அப்படித்தான். புது மண்டபத்துக்குப் பக்கத்தில் அந்தப் பெயரில் ஒரு தெப்பக்குளம் இருந்தது. தடாதகையின், அதாவது மீனாட்சியின், தாயார் காஞ்சனமாலை நீராடுவதற்காக ஏழு கடலும் அங்கே வந்தன என்பது திருவிளையாடல் கதை. இப்போது அந்த இடத்தில் கடைகள். எழுகடல் தெரு என்ற பெயர் மட்டும் ஈரத்தோடு இருக்கிறது. மாட்டுத்தாவணியில் பஸ் ஏறுகிற பிள்ளைகளுக்குத் தாவணி என்றால் சந்தை என்று யாராவது சொல்லிக்கொடுத்தால் நல்லது. பஸ் ஸ்டாண்டு வந்தது 1999-ல். அதற்கு முன்பே மாடுகள் அங்கே விலை போய்க்கொண்டிருந்தன.

கேள்வி (திருமங்கலம் வாசகி): தங்கம் தியேட்டர் ஆசியாவிலேயே பெரியது என்று என் தாத்தா சொல்லிக்கொண்டே இருக்கிறார். நிஜமா?

பதில்: ஊரே அப்படித்தான் சொன்னது. 2,500-க்கும் மேற்பட்ட இருக்கைகள். 1952 தீபாவளிக்கு 'பராசக்தி'யோடு திறந்தார்கள். இரண்டாம் ஆட்டம் விட்டால் மேலப்பெருமாள் மேஸ்திரி வீதி முழுக்கத் தலையாகத் தெரியும். அந்த நேரத்துக்கென்றே சுக்குக்காப்பிக்காரர்கள் சைக்கிளோடு காத்திருப்பார்கள். இன்று அங்கே ஜவுளிக்கடை. நான் எழுதிய பத்திரங்களில் "தங்கம் தியேட்டருக்குப் பின்புறம்" என்று எத்தனையோ தடவை வந்திருக்கிறது. எதிரில் இருப்பவர் தலையை ஆட்டுவார், அதற்குமேல் அடையாளம் கேட்கமாட்டார். தாத்தாவிடம் எந்த வகுப்பில், யாரோடு உட்கார்ந்து என்ன படம் பார்த்தார் என்று கேளுங்கள். எந்தப் பக்க வாசலில் வெளியே வந்தார், அங்கே எதிரில் என்ன கடை இருந்தது என்றும் கேளுங்கள். கேட்டதைத் தேதி போட்டு எழுதி வையுங்கள்.

கேள்வி (செல்லூர் வாசகர்): பழைய சென்ட்ரல் மார்க்கெட்டின் போட்டோ உங்களிடம் இருக்குமா?

பதில்: இல்லை. வடக்கு ஆவணி மூல வீதியில் காலை நாலரை மணிக்கு ஈரச்சாக்கும் கொத்தமல்லியும் அழுகிய தக்காளியும் கலந்து ஒரு வாசம் வரும். அது மட்டும் இருக்கிறது. மார்க்கெட் மாட்டுத்தாவணிப் பக்கம் போய், பழைய இடத்தில் இப்போது அடுக்குமாடிக் கார் நிறுத்தம். யாரிடமாவது போட்டோ இருந்தால் பின்னால் ஆண்டை எழுதி ஒரு பிரதி அனுப்புங்கள், இவருக்கும் சேர்த்து.

கேள்வி (மதுரை, பொறியியல் மாணவர்): ஐயா, கோபித்துக்கொள்ளாதீர்கள். உங்கள் பகுதியைப் படித்தால் பழைய வீடு போய்விட்டது, சந்து போய்விட்டது என்றே இருக்கிறது. எங்கள் பாட்டி வீட்டில் குளியலறை கிடையாது, கழிவறை கொல்லைப்புறத்தில் இருந்தது. மழை பெய்தால் ஏழு இடத்தில் ஒழுகும். அதெல்லாம் இடிந்தது நல்லதுதானே?

பதில்: கோபமே இல்லை தம்பி. நீங்கள் எழுதிய ஒவ்வொன்றும் சரி. உங்கள் பாட்டி இருட்டில் கொல்லைப்புறம் போனதை நினைத்தால் அந்த வீட்டை நானே இடிக்கச் சொல்லியிருப்பேன். நாங்கள் இருந்த சந்தில் ஒரு வீட்டில் தீப்பிடித்தபோது தீயணைப்பு வண்டி வீதியிலேயே நின்றுவிட்டது, உள்ளே நுழைய வழியில்லை. குடம் குடமாகக் கிணற்றுத் தண்ணீரைக் கை மாற்றி அணைத்தோம். அந்தச் சந்து அகலமானால் எனக்குச் சந்தோஷம்தான்.

நான் கேட்பது வேறு. உங்கள் பாட்டி வீடு இடிவதற்கு முன்னால் யாராவது உள்ளே நின்று ஒரு தடவை சுற்றிப் பார்த்து எழுதினார்களா? எங்கள் வீட்டுத் தலைவாசல் படிக்கல்லில் நடுவில் ஒரு குழிவு இருந்தது. மூன்று தலைமுறை மிதித்த குழிவு. மழை விட்டால் அதில் ஒரு கை அளவு தண்ணீர் நிற்கும். குருவி வந்து குடிக்கும். நடைச்சுவரில் ஒரு மாடக்குழி, அதன் மேல் விளிம்பில் எண்ணெய்ப் புகை படிந்து கறுத்து, தொட்டால் விரலில் வழுவழு என்று ஒட்டும். அம்மா அதை ஒருநாளும் வெள்ளையடிக்க விடமாட்டார். வீட்டை விற்ற அன்று பத்திரத்தை எழுதியது நான்தான். கதவு, நிலை, ஜன்னல், கிணறு எல்லாவற்றையும் எழுதினேன். படிக்கல்லையும் மாடக்குழியையும் எழுதவில்லை. எழுதுவதற்குப் பத்திரத்தில் இடம் இல்லை என்று நினைத்துவிட்டேன். வாங்கியவர் இடிக்கும்போது அந்தக் கல்லைக் கேட்டு வாங்கியிருக்கலாம், கொடுத்திருப்பார். எனக்கு அந்த யோசனை வந்தபோது மண்ணோடு மண்ணாக லாரியில் போய்விட்டது. இன்றுவரை அது எனக்கு ஆறவில்லை.

இப்போது எழுதும் பத்திரங்களில் வார்டு, பிளாக், டி.எஸ். நம்பர் (நகர சர்வே எண்), சதுர அடி எல்லாம் சுத்தமாக இருக்கின்றன. நல்ல விஷயம், எல்லைத் தகராறு குறையும். ஆனால் நான்கெல்லையில் பக்கத்து வீட்டுக்காரருக்குப் பதிலாக நம்பர்தான் நிற்கிறது. அடுக்குமாடி வீடென்றால் எல்லாருக்கும் பொதுவான மனையில் "பிரிபடாத பாகம்" இத்தனை சதுர அடி என்று வரும். ஐம்பது வருஷம் கழித்து அந்தப் பத்திரத்தைப் படிக்கிறவருக்கு எதிரில் யார் இருந்தார், எந்த மரம் நிழல் கொடுத்தது என்று எதுவுமே தெரியாது. நீங்கள் பொறியாளராகப் போகிறீர்கள். ஒரு பழைய வீட்டை இடிக்க எடுக்கும்போது அரை நாள் ஒதுக்கி அளந்து, படம் எடுத்து, பக்கத்தில் இருப்பவர்கள் பேரையும் குறித்து வீட்டுக்காரர் கையில் கொடுத்துவிட்டு அப்புறம் கடப்பாரையை எடுக்கச் சொல்லுங்கள். செலவு ஒன்றும் பெரிதாக ஆகாது.

கேள்வி (சென்னையிலிருந்து ஒரு வாசகர்): என் அப்பாவுக்கு எண்பத்திரண்டு வயது. ஞாபகம் தப்பிக்கொண்டிருக்கிறது. மதுரையில் கூடல் அழகர் கோயில் பக்கம் ஒரு தெருவில் வளர்ந்தவர். அந்த வரிசை முழுக்க இப்போது லாட்ஜும் கடைகளும். தினமும் சாயங்காலம் "வீட்டுக்குப் போவோம்" என்கிறார். கூட்டிப் போய்க் காட்டிவிட்டால் சமாதானம் ஆவாரா, அல்லது இன்னும் கஷ்டப்படுவாரா?

பதில்: நான் வைத்தியன் இல்லை. டாக்டரைக் கேட்டு நடந்துகொள்ளுங்கள். என் அப்பாவுக்கு நடந்ததை மட்டும் சொல்கிறேன்.

அவருக்கும் கடைசி இரண்டு வருஷம் இதே பேச்சுதான். ஆறு மணிக்கு வேட்டியை இறுக்கிக் கட்டிக்கொண்டு கிளம்பி நிற்பார். ஒருநாள் ஆட்டோவில் கூட்டிக்கொண்டு போனேன். எங்கள் வீடு இருந்த இடத்தில் துணிக் குடோன், ஷட்டர் இறக்கியிருந்தது. அப்பா அதன் முன்னால் நின்றார். இடது பக்கம் பார்த்தார், வலது பக்கம் பார்த்தார். பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டார். சின்னப் பிள்ளை கூட்டத்தில் தொலைந்தால் பிடிக்குமே, அந்தப் பிடி. வீடு வந்து சேரும்வரை விடவில்லை. அந்தத் தப்பை நான் மறுபடி செய்யவில்லை.

அன்று ராத்திரி அவருக்குத் தூக்கம் வரவில்லை. எனக்கு வேறெதுவும் தோன்றாமல், பழக்கதோஷத்தில் ஒரு ஃபுல்ஸ்கேப் தாளை எடுத்து வைத்துக்கொண்டு, கட்சிக்காரரிடம் கேட்பதுபோலக் கேட்டேன். "சொல்லுங்கப்பா, நம்ம வீட்டுக்குக் கிழக்கே என்ன?"

"சந்து."

"சந்துக்கு அந்தப் பக்கம்?"

"மாவு மில்லு." உடனே கையை ஆட்டினார். "மில்லு பின்னாடி வந்தது. அதுக்கு முந்தி ஓலைக் கொட்டகை, தறி போட்டிருந்தாங்க. அதை எழுது."

காலையில் என்ன சாப்பிட்டோம் என்று தெரியாதவர், அந்தச் சந்தின் இரண்டு வரிசையையும் வீடு விடாமல் சொன்னார். யார் வீட்டில் கிணறு, எந்த வீட்டுத் திண்ணையில் தபால்காரர் உட்காருவார், எந்தச் சுவரில் ஆடு கட்டும் இரும்பு வளையம். எனக்கே தெரியாத நாலு குடும்பங்கள் அதில் இருந்தன. நாலு தாள் ஆனது. கடைசியில் நான், "கிழமேலடி எத்தனைப்பா?" என்றேன். எழுந்து நின்றார். ஒரு பாதத்தின் முன் இன்னொரு பாதத்தை ஒட்டி ஒட்டி வைத்து, அறையின் இந்தச் சுவரிலிருந்து அந்தச் சுவருக்கு நடந்தார். சுவர் இடித்ததும் திரும்பி மறுபடி நடந்தார். உதடு எண்ணிக்கொண்டே இருந்தது. "பதினெட்டு. அதுக்கு மேல கொஞ்சம்" என்றார். படுத்தார், தூங்கிவிட்டார். மறுநாள் தாய்ப்பத்திரத்தின் நகலை எடுத்துப் பார்த்தேன். பதினெட்டரை என்று இருந்தது.

அதற்கப்புறம் ஆறு மணிக்கு அவர் வேட்டியைக் கட்டினால் நான் தாளை எடுத்துவிடுவேன். சில நாள் பலித்தது, சில நாள் பலிக்கவில்லை.

நீங்களும் முயன்று பாருங்கள். "ஞாபகம் இருக்கிறதா?" என்று மட்டும் கேட்காதீர்கள், அந்தக் கேள்வி அவரைப் பயமுறுத்தும். தெருவின் ஒரு முனையில் அவரை நிறுத்துங்கள். கோயிலை முதுகுக்குப் பின்னால் வைத்து, இடது கை வரிசையில் முதல் வீடு யாருடையது என்று ஆரம்பியுங்கள். தப்பாகச் சொன்னாலும் திருத்த வேண்டாம், அப்படியே எழுதுங்கள். இன்னொரு நாள் அவரே மாற்றிச் சொல்வார், அதையும் பக்கத்தில் எழுதுங்கள். இரண்டு பதில் இருந்தால் இரண்டு காலத்தில் இரண்டு குடும்பம் இருந்திருக்கலாம்.

எழுதியதில் ஒரு பிரதி எனக்கு இந்தப் பத்திரிகை முகவரிக்கே அனுப்புங்கள். கூடல் அழகர் கோயிலைச் சுற்றிய எல்லைகள் என் பழைய குறிப்பு நோட்டுகளில் நிறைய இருக்கின்றன. அப்பா சொல்லும் வரிசையோடு வைத்து வீடு வீடாக ஒத்துப் பார்க்கிறேன். விட்டுப்போன வீடு ஏதாவது இருந்தால் அதை அடுத்த சாயங்காலம் அவரிடம் கேட்பதற்கு உங்களுக்கு எழுதி அனுப்புகிறேன்.